படம் ஒட்டிய கைகள் படம் வரையட்டும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் என்று நீளும் கரிசல் வட்டாரத்தில், குழந்தையின் கைக்கும் படத்துக்கும் இருந்த உறவு கசப்பானது. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று இங்கே சொல்லப்படும் தொழிற்கூடங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் உட்கார்ந்து, பசையைத் தொட்டுத் தொட்டு, பெட்டிக்கு ஒன்றாக லேபிள் ஒட்டிய கைகள் அவை. கிளி, கப்பல், சிங்கம், ரோஜாப்பூ, சாவி என்று உலகத்திலுள்ள அத்தனையும் அந்த லேபிள்களில் வந்தன. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எத்தனை குரோஸ் முடித்தாய் என்பதை வைத்துத்தான் கூலி. படம் அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்தால் கூலி குறையும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்கள் ஒரு குழந்தையின் விரல் நுனியைத் தாண்டிப் போயின. அதில் ஒன்றுகூட அந்தக் குழந்தை வரைந்தது இல்லை.

இந்தத் தொழிலின் தொடக்கம் எல்லோரும் அறிந்ததுதான். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, அடுத்த ஆண்டே தொழிற்சாலை தொடங்கினார்கள். மழையை நம்பி ஏமாந்த மானாவாரிக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆனால், அந்தச் சோற்றுக்குக் குழந்தைகளும் உழைக்க வேண்டியிருந்தது. ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் 1983-ல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, சிவகாசி வட்டாரத்தில் ஏறத்தாழ 45,000 குழந்தைகள் வேலை செய்வதாகச் சொன்னபோது நாடு அதிர்ந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை அளித்தது. சட்டம், சத்துணவு, ஊர் ஊராக அலைந்த ஆசிரியர்கள், தொண்டர்கள், தங்கள் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்த தாய்மார்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கரிசல் மண் ஈட்டிய பெரிய வெற்றி அது.

அந்த வெற்றியின் அடுத்த படி ஒன்று பாக்கி இருக்கிறது. கூலிக்கு லேபிள் ஒட்டிய கைகளின் பேரப் பிள்ளைகள் இன்று வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் நாம் எந்தப் படத்தைக் கொடுக்கிறோம்?

கோட்டுக்கு உள்ளே மட்டும்

எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டேஷனரி கடை இருக்கும். அங்கே கம்பியில் தொங்கும் ‘கலரிங் புக்’ ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் வண்ணம் தீட்டிய ஆப்பிள். எதிர்ப்பக்கத்தில் அதே ஆப்பிளின் கோட்டோவியம். அடுத்து பனிமனிதன், புகைபோக்கி வைத்த வீடு, பென்குவின், ஸ்ட்ராபெர்ரி. குழந்தை செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடப்பக்கத்து வண்ணத்தை அப்படியே வலப்பக்கத்தில் நிரப்புவது. கோட்டைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டாத குழந்தைக்கு ‘குட்’. தாண்டிய குழந்தைக்குத் தலையில் ஒரு குட்டு.

யாரோ வரைந்த படம், யாரோ முடிவு செய்த நிறம். குழந்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். பசைக்குப் பதில் கிரேயான் வந்திருக்கிறது. கூலியும் கொடுமையும் போய்விட்டன. அது சாதாரண மாற்றம் இல்லை. ஆனால், படத்தின் முன்னால் குழந்தை நிற்கும் இடம் இன்னும் மாறவில்லை.

இதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால், ஏதாவது ஓர் ஆரம்பப் பள்ளியில் ‘உனக்குப் பிடித்த படம் ஒன்று வரை’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான தாள்களில் ஒரே படம்தான் வரும்: இரண்டு முக்கோண மலை, நடுவில் உதிக்கும் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு இல்லாத வட்டாரம் இது. ஜன்னலுக்கு வெளியே பனைமரம் நிற்கிறது, காற்றாலை சுற்றுகிறது, பருத்தி வெடித்துக் கிடக்கிறது, சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஆடுகள் நெற்றுப் பொறுக்குகின்றன. இவை எதுவும் தாளுக்கு வருவதில்லை. தன் கண் பார்த்தது படத்துக்கு உரியது இல்லை என்று அந்தக் குழந்தை நம்பிவிட்டது. அந்த நம்பிக்கையை ஊட்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

கேட்பது ஒரு நோட்டு. கரிசல் குழந்தைகளுக்கென்று, கரிசலின் காட்சிகளிலிருந்தும் கதைகளிலிருந்தும் உருவான, பாதியை மட்டும் அச்சிட்டு மீதியைக் குழந்தைக்கு விட்டுவைக்கிற, கிறுக்கவும் வரையவும் கதை சொல்லவும் இடம் தருகிற ஒரு நோட்டு. அதோடு, பள்ளியில் அதற்கென்று வாரத்தில் ஒரு பாடவேளை. கேட்பது சிறியது. அதனால் விளையக்கூடியது பெரியது.

இந்த மண்ணுக்கு என்ன குறை?

கோவில்பட்டி படத்துக்குப் பஞ்சமான ஊர் அல்ல. தென்னிந்திய வீடுகளின் சுவர்களில் பல பத்தாண்டுகள் தொங்கிய காலண்டர் தெய்வங்களுள் பலவும் இந்த ஊரில் பிறந்தவை. 1898-ல் பிறந்த ஓவியர் கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; நாடகக் குழு ஒன்றுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர்; குழு கலைந்த பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976-ல் மறையும்வரை இங்கிருந்தபடியே அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன் என்று ஒரு சீடர் வரிசையே அவர் வீட்டில் உருவானது. நல்ல குரு ஒருவர் கிடைத்தால் போதும், இந்த ஊர்ப் பிள்ளைகள் வரைவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கதைக்கும் பஞ்சம் இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் இடைசெவல் என்ற ஒரு சிற்றூர் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்தது. மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகத் தன்னைப் பற்றிச் சொன்னவர் கி.ரா. அந்தப் பார்வைதான் ‘பிஞ்சுகள்’ குறுநாவலில் பறவைகளின் பின்னாலும் அவற்றின் முட்டைகளின் பின்னாலும் அலைகிற சிறுவனாக வந்தது. அவருடைய ‘கதவு’ சிறுகதையில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து தங்கள் வீட்டுக் கதவில் ஒட்டி மகிழ்வார்கள். தீர்வை பாக்கிக்காகக் கதவையே பெயர்த்துக்கொண்டு போகும்போது அந்தப் படமும் சேர்ந்து போகிறது. ஒரு படத்துக்காகக் குழந்தை மனம் எவ்வளவு ஏங்கும் என்பதைக் கரிசல் இலக்கியம் அப்போதே எழுதி வைத்துவிட்டது.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ இன்னும் நேராக நம் விஷயத்துக்கு வருகிறது. கதை நடப்பது சென்னையில். வீட்டுக்கு வரும் குழந்தைகளுள் இருவருக்கு மட்டும் கதைசொல்லி டைரி வாங்கி வருகிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்கு இல்லை. அவன் தானே ஒரு டைரியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் உபசரித்து, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அந்தத் தலைப்பைத் தாங்கிய தொகுப்புக்கு 1970-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. சாரங்கன் கேட்டது மிட்டாய் அல்ல, பொம்மை அல்ல. ஒன்றும் எழுதாத பக்கங்கள். அதிலும், பெரியவர் ஒருவர் ‘இது உன்னுடையது’ என்று கையெழுத்திட்டுத் தருகிற பக்கங்கள். குழந்தைக்கு வெற்றுப் பக்கம் தருவது அன்பின் செயல் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கதை தமிழில் அபூர்வம்.

இன்றும் இந்த மரபு அறுந்துவிடவில்லை. கோவில்பட்டியில் வாழும் எழுத்தாளர் உதயசங்கர், ரயில்வேயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்தபடியே சிறுவர்களுக்காகத் தொடர்ந்து எழுதியவர். ‘ஆதனின் பொம்மை’ நாவலுக்காக 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றார். வரைய வழிகாட்டும் மரபு, கதை சொல்லும் மரபு, அச்சிட்டுக் கொடுக்கும் தொழில் மூன்றும் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மூன்றையும் ஒரு குழந்தையின் மடியில் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஆள் இல்லை.

கிறுக்கலின் இலக்கணம்

‘சுவரைக் கிறுக்காதே’, ‘நோட்டைப் பாழாக்காதே’ என்பவை நம் வீடுகளில் தினமும் கேட்கும் வசனங்கள். கிறுக்கல் என்பது வீண் வேலை என்பதே நம் பொதுப்புத்தி. உண்மை வேறு. சான் பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக், பல நாட்டுக் குழந்தைகளின் ஏறத்தாழ 10 லட்சம் படங்களைச் சேகரித்துப் பார்த்தார். எந்த நாட்டுக் குழந்தையும் புள்ளி, நேர்கோடு, வளைகோடு, சுழி என்று 20 அடிப்படைக் கிறுக்கல்களிலிருந்துதான் தொடங்குகிறது என்று அவர் வகைப்படுத்தினார். கிறுக்கலிலிருந்து வட்டமும் கட்டமும் பிறக்கின்றன. வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தால் முகம். வட்டத்தைச் சுற்றிக் கோடு இழுத்தால் சூரியன். விளாத்திகுளத்துக் குழந்தையும் சான் பிரான்சிஸ்கோ குழந்தையும் ஒரே பாதையில்தான் நடந்து வருகிறார்கள்.

பாதை பிரிவது, பெரியவர்கள் குறுக்கிடும் இடத்தில். ஓவியக் கல்வி பற்றிய உலகின் முக்கிய நூல்களுள் ஒன்றை 1947-ல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்டு, வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குழந்தையின் தன்னம்பிக்கையைக் குலைக்கின்றன என்று உறுதியாகச் சொன்னார். அவர் காட்டும் உதாரணம் ஒரு பறவை. குழந்தை முதலில் தானாக, தன் போக்கில் பறவைகளை வரைகிறது. பிறகு பயிற்சிப் புத்தகத்தில் அச்சிட்ட பறவைக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வரையச் சொன்னால், அந்த அச்சுப் பறவையின் சாயலில்தான் குழந்தை வரைகிறது. தன் பறவையை அது தொலைத்துவிட்டது. கொஞ்ச நாளில், ‘எனக்கு வரைய வராது’ என்ற சொல் வந்துவிடும். ஆறு வயதில் இதைச் சொல்லும் குழந்தை, அறுபது வயதிலும் அதையே சொல்லும்.

இதற்கு மாற்றான புத்தகங்கள் உலகில் வந்துகொண்டேயிருக்கின்றன. அமெரிக்காவில் 1978-ல் சூசன் ஸ்டிரைக்கர், படத்தின் ஒரு மூலையை மட்டும் அச்சிட்டு, மீதியைக் குழந்தை கற்பனை செய்து வரையும்படி புத்தகம் கொண்டுவந்தார். ஜப்பானின் டாரோ கோமி, கிறுக்குவதற்கென்றே பருத்த புத்தகங்களைச் செய்தார். சென்னையில் தாரா புக்ஸ், ஒரே யானையை, ஒரே மீனை இந்தியாவின் வெவ்வேறு நாட்டார் ஓவியர்கள் எப்படி எப்படி வரைகிறார்கள் என்று காட்டி, ‘நீ எப்படி வரைவாய்?’ என்று கேட்கும் புத்தகங்களை வெளியிட்டது. போபாலின் ஏகலவ்யா அமைப்பு 1985 முதல் நடத்திவரும் ‘சக்மக்’ இதழ், குழந்தைகள் அனுப்பும் படங்களுக்கும் எழுத்துக்கும் தொடர்ந்து இடம் கொடுக்கிறது. நல்ல முன்மாதிரிகள்தான் இவை. ஆனால், நகரத்துக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கும் ஆங்கிலப் புத்தகம், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் தாயின் கைக்கு எட்டாது. நாகலாபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேராது.

கரிசல் நோட்டு எப்படி இருக்கும்?

சில பக்கங்களைச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். விரல் நுழையும் வெடிப்பு, கை நுழையும் வெடிப்பு. அந்த வெடிப்பை மேலிருந்து படம் எடுத்து, கோடுகளை மட்டும் மெல்லிய சாம்பல் நிறத்தில் அச்சிட்டால் ஒரு பக்கம் தயார். கீழே ஒரே ஒரு வரி: ‘இதற்குள் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள்?’ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் குழந்தைக்கு ஓரிடத்தில் ஆமை தெரியும். ஒரு வால் சேர்த்தால் ஓணான். இரண்டு கண் வைத்தால் கோபக்கார ஆச்சி. இருபது குழந்தைகள் இருபது விதமாகக் காண்பார்கள். யாருக்கும் தப்பு வராது. ஊர்க்காரர்கள் வறட்சியின் அடையாளமாகப் பார்க்கும் வெடிப்பு, அந்தக் குழந்தைக்குக் கதை கிடைக்கும் இடம்.

இன்னொரு பக்கத்தில் கண்மாய்க் கரையின் வளைகோடு ஒன்று மட்டும். ‘ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிவிட்டது. முதலில் யார் வந்தார்கள்? அப்புறம்?’ என்று நான்கு கட்டங்கள். வேறொரு பக்கத்தில் மதுரை–திருநெல்வேலி தண்டவாளத்தில் நிற்கும் கூட்ஸ் வண்டியின் காலிப் பெட்டிகள். எந்தப் பெட்டியில் எது ஏறும் என்பது குழந்தையின் முடிவு. மற்றொன்றில் வெறும் கோலப் புள்ளிகள். கோலமும் போடலாம், புள்ளிகளைச் சேர்த்து ஒட்டகச்சிவிங்கியும் செய்யலாம். பல வீடுகளில் அம்மாக்களின் கோல நோட்டு ஒன்று பத்திரமாக இருக்கிறது. கிறுக்கலின் மிகத் தேர்ந்த மரபு அது என்று குழந்தைக்குத் தெரியட்டும். கி.ரா. கண்ட பறவைகளை நினைவில் வைத்து ஒரு பக்கம் முழுக்க வெற்று முட்டைகள் தரலாம். ஒவ்வொன்றுக்கும் புள்ளியோ வரியோ போட்டு, அதிலிருந்து எது வெளியே வரும் என்பதைக் குழந்தை சொல்லட்டும்.

ஒரு பக்கத்தில் தீப்பெட்டி லேபிள் அளவுக்குக் காலியான கட்டங்கள் இருக்க வேண்டும். ‘இது உன் தீப்பெட்டி. என்ன படம், என்ன பெயர்?’ தாயும் பாட்டியும் ஆயுள் முழுக்க ஒட்டிய லேபிளைக் குழந்தை தானே வரைந்து, தன் பெயரை அதன்மேல் எழுதும் பக்கம். இந்த நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் வைக்க முடியும் என்றால், நான் இதைத்தான் வைப்பேன்.

கதைப் பக்கங்களில் கதையை முடிக்காமல் விட வேண்டும். ‘நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே…’ என்று நிறுத்திவிட்டால் மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். ‘வீட்டில் வயதானவர் ஒருவரிடம் கதை கேட்டு வந்து, மூன்று படம் போடு’ என்றும் ஒரு பக்கம் இருக்கட்டும். கதையின் ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே கதையின் கட்டுமானம் குழந்தைக்குப் பிடிபட்டுவிடும். கேட்க ஆள் இல்லை என்று கதை சொல்வதை நிறுத்திவிட்ட தாத்தா, ஆச்சிகளுக்கும் வீட்டில் மறுபடி ஒரு வேலை வரும். நோட்டின் மொழி பிள்ளைகள் தெருவில் பேசுகிற மொழியாகவே இருக்கலாம். கரிசல் வழக்குக்குத் தனி அகராதியே தொகுத்த கி.ரா. வாழ்ந்த மண்ணில் அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

‘எழுத்தே வரலை, படம் எதுக்கு?’

இந்தக் கேள்வியைப் பெற்றோரும் கேட்பார்கள், ஆசிரியர்களும் கேட்பார்கள். நியாயமான கவலைதான். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு, எழுத்தும் எண்ணும் தடுமாறிய குழந்தைகளுக்காக 2022-ல் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல்கள் தரப்படுகின்றன. அந்த முயற்சிக்கு வரைதல் இடையூறு ஆகாது, பக்கபலமாக நிற்கும்.

எப்படி என்று பார்ப்போம். ‘ட’, ‘ப’ இரண்டும் நேர்கோடும் மடிப்பும். ‘இ’, ‘ஐ’, ‘ஞ’ எல்லாம் வளைவும் சுழியும். இவற்றை எழுதத் தேவையான விரல் பிடிமானமும் மணிக்கட்டின் லாகவமும் கிறுக்கலில்தான் பழகுகின்றன. அடுத்தது இன்னும் முக்கியம். குழந்தை ஒரு படம் வரைந்ததும் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதைப் பத்திச் சொல்லு’ என்று கேட்கிறார். ‘எங்க ஆட்டுக்குட்டி வேலியில மாட்டிக்கிட்டு’ என்கிறது குழந்தை. அந்த வாக்கியத்தை, திருத்தாமல் அப்படியே படத்தின் கீழே ஆசிரியர் எழுதுகிறார். மறுநாள் குழந்தை அதைத் தானே படித்துக் காட்டும். அதன் வாயிலிருந்து வந்த சொற்களே அதன் முதல் பாடம். நியூசிலாந்தில் மாவோரி இனக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தையின் பயத்திலும் ஆசையிலும் இருந்து வரும் சொற்களைக் கொண்டே வாசிப்பைத் தொடங்கி, அந்த அனுபவத்தை 1963-ல் ‘டீச்சர்’ என்ற நூலாக எழுதினார். தன் சொல் தாளில் நிற்பதைப் பார்த்த குழந்தைக்கு எழுத்தின் மேல் பயம் இருக்காது.

கிரேயான் இருக்கிறது, பக்கம் எங்கே?

அரசுப் பள்ளிகளில் 1, 2-ஆம் வகுப்புக்கு கிரேயானும், 3 முதல் 5-ஆம் வகுப்புவரை வண்ணப் பென்சிலும் விலையில்லாமல் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு பல ஆண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால், பெட்டியைத் திறந்ததும் எதில் வரைவது? பாட நூலின் கோட்டோவியங்களில் நிறம் நிரப்பலாம். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆசிரியர் பார்க்காதபோது கிறுக்கலாம்.

சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8-ஆம் வகுப்புவரை 100 குழந்தைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்குத்தான் பகுதிநேரக் கலை ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதன்படி 2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். கிறுக்கலும் வரைதலும் பெருக்கெடுக்கும் 5 முதல் 10 வயதுக்கான ஆரம்பப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் என்ற ஏற்பாடே இல்லை. 60 குழந்தைகள்வரை உள்ள பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள்தான். கரிசல் கிராமங்களின் சிறிய பள்ளிகள் பலவும் இந்த வரையறைக்குள் வருபவை. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டிய இடத்தில், தனியே ஓவியம் கற்பிக்கச் சொல்வது நியாயமாகாது. அதனால்தான் நல்ல நோட்டு முக்கியமாகிறது. ஆசிரியர் நான்காம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் முக்கால் மணி நேரத்தில், முதல் வகுப்புக் குழந்தைகள் தாமாகவே மூழ்கிக் கிடக்கும் நோட்டு அது.

செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில், வகுப்பறைச் சுவரைச் சுற்றிலும் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை பூசினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம். பல பள்ளிகளில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. அதையும் குழந்தைகள் வரையும் இடமாக்க, கொஞ்சம் கறுப்பு வண்ணமும் ஒரு பெட்டி சாக்பீஸும் போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த நோட்டுக்கு மதிப்பெண் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், போட்டி வேண்டாம், கண்காட்சிக்கு ‘நல்ல படம்’ பொறுக்கவும் வேண்டாம். முளைவிடும் முன்பே மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதை என்னாகும் என்று மானாவாரி விவசாயிக்குத் தெரியும். ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானியப் புத்தகத்தில் வரும் சிறுமியை நினைத்துப் பாருங்கள். கொடி வரையச் சொன்னதும், தாள் போதாமல் கொடியின் விளிம்புக் குஞ்சத்தை மேசைமீது வரைந்த குழந்தை அவள். முதல் பள்ளியிலிருந்து அவளை அனுப்பியதற்கான காரணங்களுள் அதுவும் ஒன்று. பிறகு சேர்ந்த டோமோயி பள்ளியில் அதே குழந்தையைக் கூடத்தின் தரை முழுக்க சாக்பீஸால் எழுத விட்டார்கள். முடிந்ததும் பிள்ளைகளே கழுவித் துடைத்தார்கள். சுதந்திரத்தோடு பொறுப்பும் வந்தது. அந்தப் புத்தகத்தை நேசிக்கும் ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் வகுப்பறையில் அதைச் செய்து பார்க்கும் நேரம் இது.

யார் செய்வது?

முதலில் அச்சு. நோட்டு, டைரி, காலண்டருக்கு நாட்டுக்கே பெயர்பெற்ற சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. 32 பக்க நோட்டு என்றால் இரண்டு ஃபாரம். உள்ளே ஒரே நிறத்தில் அச்சிட்டால் போதும். நிறம் கொடுப்பது குழந்தையின் வேலை. வழவழப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம், அதில் வண்ணப் பென்சில் வழுக்கும். சற்றுக் கனமான மேப்லித்தோ தாள் நல்லது. நடுவில் பின் அடித்தால் நோட்டு தரையில் முழுதாக விரிந்து படுக்கும். குழந்தைகள் வரைவது தரையில் குப்புறப் படுத்துத்தானே! அச்சகங்களில் தினமும் கழியும் துண்டுத் தாள்களையும், ஒருபக்கம் மட்டும் அச்சாகி வீணாகும் தாள்களையும் சேர்த்துத் தைத்தால், கோடு போடாத கிறுக்கல் நோட்டுகள் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். அச்சக உரிமையாளர்களும் தீப்பெட்டி உற்பத்தியாளர்களும் இதைத் தங்கள் கடமையாக ஏற்க வேண்டும். இந்தத் தொழில்கள் ஒரு காலத்தில் குழந்தைகளின் கைகளிடமிருந்து வாங்கியது அதிகம். திருப்பித் தருவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

அடுத்து உள்ளடக்கம். கரிசலின் எழுத்தாளர்கள், ஓவியர்கள், ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் கூடி ஒரு கோடை விடுமுறையில் இதை உருவாக்கிவிட முடியும். முதல் வரைவை அச்சிடுமுன், பத்துப் பள்ளிகளில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்தில் அவர்கள் நெடுநேரம் தங்குகிறார்கள், எதைப் பார்த்ததும் புரட்டிவிடுகிறார்கள் என்பதே தேர்வுக்கான அளவுகோல். நிதிக்கு, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாக வெளியூரில் வேலை பார்க்கும் கரிசல்காரர்களிடம் கேட்கலாம். சொந்த ஊர்ப் பள்ளிக்கு முப்பது நோட்டு வாங்கித் தருவது பலருக்கும் எளிது. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இடத்துக்கும் குறைவில்லை. கோவில்பட்டியில் அரசு எழுப்பியிருக்கும் கி.ரா. நினைவரங்கமும், எட்டயபுரத்தில் கல்கியின் முயற்சியால் எழுந்து 1947-ல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபமும் சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் திறக்கட்டும். ஒரு கதைசொல்லி, ஒரு பாய், கொஞ்சம் தாள் போதும். கதை சொன்ன எழுத்தாளருக்கும் பாட்டுக் கட்டிய கவிஞருக்கும் பிள்ளைகளின் இரைச்சலைவிடச் சிறந்த அஞ்சலி இல்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து அம்மா வீடு திரும்பும்வரை கைபேசியே துணை என்றிருக்கும் பிள்ளைகளுக்கு, ஊர்ப்புற நூலகங்களில் மாலையில் ஒரு மணி நேரம் இந்த நோட்டோடு உட்கார இடம் தரலாம்.

பசித்த பிள்ளை படிக்காது என்று உணர்ந்து, காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கிவைத்தது இதே எட்டயபுரத்தில்தான். அன்றைக்கும் ‘இதெல்லாம் சாத்தியமா, பணம் எங்கே?’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தத் திட்டம் வளர்ந்து சத்துணவாகி, இன்று காலை உணவுவரை வந்திருக்கிறது. சோற்றுக்கு அடுத்து, தன் மனதில் உள்ளதைத் தன் கையால் வெளியே கொண்டுவரும் வாய்ப்பும் குழந்தையின் அடிப்படைத் தேவை என்பதை இதே மண் சொல்லட்டும். தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டக் கல்வி நிர்வாகங்கள் இரண்டும் சேர்ந்து, வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது பாட நூலோடு இந்த நோட்டையும் 1, 2-ஆம் வகுப்புக் குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டும். கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை அதற்கென்று எழுத வேண்டும். இரண்டு மாவட்டத்தில் நடந்துவிட்டால், மாநிலம் முழுவதும் கேட்பதற்கு நமக்கு உரிமை வந்துவிடும்.